தண்டவாளத்தோரக் கோயிலின் பக்தர்

ரயிலைப் பார்ப்பது உலகெங்கும் கொண்டாடப்படும் பொழுதுபோக்கு என்பதை என் மகளின் நிச்சயதார்த்தத்தன்றுதான் அறிந்தேன். அறியாமலே கண்ணை மூடியிருந்தாலும் எனக்கு ஒரு குறையும் நேர்ந்திராது. இங்கிலாந்தில் மழைக்கோட்டு அணிந்த கனவான்கள் நடைமேடையின் கோடியில் நின்று எஞ்சின் எண்களைக் குறித்துக்கொள்வார்களாம். ஜப்பானில் ஒரு வண்டி ஓய்வுபெறும் நாளில் ஏணி போட்டு ஏறிப் படமெடுப்பார்களாம். இடத்துக்காக ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்களாம். அந்த வண்டியில் ஏறி எங்கேனும் போவார்களா என்றால், பெரும்பாலும் இல்லை. ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், தண்டவாளத்துக்கு அருகே வளர்ந்தவன் நான். வண்டி போகும்போது அலமாரியில் மங்குக் கோப்பைகள் அதிரும். பேச்சை நிறுத்திவிட்டு அது தொலையட்டும் என்று காத்திருப்போம். எங்கள் தோட்டத்தில் ரயிலை வியந்து பார்த்தவை மாடுகள் மட்டுமே.

கெடா மாநிலத்தில், குரூண் பக்கம் ரயில் பாதையை ஒட்டி ஓர் அம்மன் கோயில் உண்டு. கடல்கடந்து பாதை போட வந்த நம்மவர்கள் வேலை செய்த இடத்திலேயே சாமியை வைத்துக் கும்பிட்டதால், இந்நாட்டில் இத்தகைய கோயில்களுக்குக் குறைவில்லை. அக்கோயிலின் செயலாளர்தான் இந்த வரனைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஜித்ராவைச் சேர்ந்தவர். அலோர்ஸ்டாரில் அரசாங்க உத்தியோகம். அத்தனை தொலைவிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருகிறவர். பூசை முடிந்த பிறகும் பின்புற வேலியோரம் தனியே நெடுநேரம் நிற்பவர். அது தியானம் என்று செயலாளர் நெகிழ்ந்து போய்ச் சொன்னார்.

“இந்தக் காலத்துல இப்படி ஒரு பையன் கெடைக்குமாண்ணே?”

கூலிம் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் என் மகளை அதற்கு முன் பலர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தனர். இதுவும் தட்டிப்போனால் இனி எவர் முன்னும் சேலை கட்டி வந்து நிற்கமாட்டேன் என்று அவள் உறுதியாகக் கூறிவிட்டாள். ஆகவே அந்த பக்தியை நான் துருவிப் பார்க்கவில்லை. நிச்சயத்தை அதே கோயில் மண்டபத்தில் வைக்கவேண்டுமென மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது மகிழவும் செய்தேன்.

அன்று இராகு காலம் தொடங்குவதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். வரிசைத் தட்டுகள் ஒற்றைப்படையில் அடுக்கப்பட்டுவிட்டன. ஐயர் சங்கல்பம் முடித்தார். மாப்பிள்ளையின் தாயார் ஒரு தட்டை ஏந்தி எனக்கு எதிரே நின்றார். மாப்பிள்ளையின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

நானும் செயலாளரும் கோயிலின் பின்புறம் சென்றோம். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வேலிக் கம்பியின்மீது கேமராவை ஊன்றி மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வந்ததறிந்தும் திரும்பவில்லை.

“அஞ்சு நிமிஷம் லா, அங்கிள். சிமெண்டு வண்டி வருது. பழைய டீசல் எஞ்சின், இனிமே இந்தப் பக்கம் ஓடாது.”

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் கோபுரத்தைப் பார்த்தார். பாதை இங்கே வளைகிறது, பின்னணியில் ஜெராய் மலை தெரிகிறது, கெடா முழுவதிலும் இதைப்போல் இடம் கிடையாது என்று மாப்பிள்ளை விளக்கினார். இங்கிலாந்தையும் ஜப்பானையும் பற்றிய அறிவை நான் பெற்றது அப்போதுதான். உலகம் பூராவும் இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். உலகம் பூராவும் மூடர்கள் இருப்பது எனக்குப் புதிய செய்தியன்று என்றேன்.

மண்டபத்துக்குத் திரும்பித் தட்டு மாற்றப்போவதில்லை என்று அறிவித்தேன். மாப்பிள்ளையின் தாயார் கண்கலங்கினார். அழைக்கும்வரை வெளியே வரக்கூடாத என் மகள், பக்கத்து அறையிலிருந்து நேராக என்னிடம் வந்தாள்.

“எனக்கு முன்னயே தெரியும்ப்பா. போன்ல படம்லாம் காட்டினாரு.”

“தெரிஞ்சுமா சரின்னே?”

“முன்ன வந்தவங்க என் வயசப் பாத்தாங்க, கலரப் பாத்தாங்க. இவரு ரயிலத்தான் பாக்கறாரு. அது பரவால்ல. தட்ட எடுங்க.”

நான் வாய் திறப்பதற்குள் அந்தச் சனியன் ஊதிக்கொண்டு வந்துவிட்டது. ஐயர் உட்பட அனைவரும் பேச்சை நிறுத்தினோம். தட்டிலிருந்த தேங்காய் நடுங்கியது. பெட்டி பெட்டியாகச் சிமெண்டு எங்களைக் கடந்து போயிற்று. இராகு காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறகு மாப்பிள்ளை வந்தார். வேட்டியெங்கும் ஒட்டுப்புல். முகத்தில், அம்மனைத் தரிசித்தவனுக்குக்கூட வராத ஒளி.

“கெடச்சிச்சா?” என்றாள் மகள்.

அவர் கேமராவை நீட்டினார். அவள் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினாள். ஜெராய் மலையைப் பாதி மறைத்துக்கொண்டு ஓர் அழுக்கு எஞ்சின். அந்த மலை மட்டும் இருந்திருந்தால் நல்ல படம்தான்.

தட்டை எடுத்தேன், மாற்றிக்கொண்டோம். அதுவரை அங்கிள் என்றவர், “தேங்க்ஸ் மாமா” என்றார்.

முகூர்த்தம் பற்றிய பேச்சு எழுந்ததும் நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். கல்யாணம் யான் என்கிற இடத்தில் நடக்கவேண்டும். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல், தண்டவாளமே எட்டிப்பார்க்காத ஊர். மாப்பிள்ளை சற்றே யோசித்துத் தலையாட்டினார். என் மகள்தான், அவர் வேட்டியிலிருந்து தன் சேலைக்குத் தாவிய ஒட்டுப்புல்லைப் பிய்த்தபடியே சொன்னாள்:

“அங்க கப்பல் போகும்ப்பா.”