மெடிக்கலுக்கு முந்தைய பத்து நாள்

மத்திகிரியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ‘கம்பெனி மெடிக்கல்’, அதாவது வேலைக்கான உடல் பரிசோதனை என்றால் ஒரு பண்டிகை மாதிரி. பத்து நாளைக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடும். குடிக்கிறவர் பாட்டிலைத் தொடமாட்டார். சர்க்கரை உள்ளவர் சோற்றை விட்டுவிட்டுப் பாகற்காய்ச் சாறு குடிப்பார். பிரஷர் உள்ளவர் யாரிடமாவது ஒரு மாத்திரை கூடுதலாக வாங்கிப் போட்டுக்கொண்டு போவார். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டுவதுபோலத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் இதை எழுதும்போது யாரையும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நாங்கள் சாத்தூர்ப் பக்கம். என் கணவர் ஒசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தார். இங்கே வந்த இரண்டாம் வருடம் அவருக்கு உடம்பு கெட்டது. உடம்பு என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். கெட்டது மனசு. நாலைந்து நாள் தூங்காமல் ஓயாமல் பேசினார். பிறகு இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூரில் ஒரு மனநல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மனநிலை ஒரேயடியாக ஏறி ஒரேயடியாக இறங்கும் நோய் என்று சொல்லி, லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அங்கிருந்த டாக்டரம்மா கன்னட வாடையோடு தமிழ் பேசுவார். “நோடம்மா, பத்திரமா சாப்பிட்டா இது நல்ல மருந்து. வேர்த்துக் கொட்டற வேலை, தண்ணி குறையக் கூடாது. உப்பை திடீர்னு குறைக்காதீங்க. வலி மாத்திரை எதுவும் என்னைக் கேக்காம போடாதீங்க. கை ரொம்ப நடுங்கினா, வாந்தி பேதி ஆனா உடனே வாங்க. நான் சொல்றப்பல்லாம் ரத்தம் குடுத்துப் பாக்கணும். நல்லாயிட்டேன்னு நீங்களா நிறுத்தவே கூடாது.”

என் கணவர் இதையெல்லாம் புது மெஷினோடு வந்த புத்தகம்போல எடுத்துக்கொண்டார். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இல்லாமல் ஷிப்டுக்குப் போகமாட்டார். மூன்று ஷிப்டும் மாறி மாறி வருகிறதே என்று டாக்டரம்மாவிடம் கேட்டு, எந்த ஷிப்டில் எப்போது போடுவது என்று எழுதி வாங்கி வந்தார். பாட்டரி ஸ்கூட்டர் ஒன்று தெருவில் போனால், “அதுக்கும் லித்தியம், எனக்கும் லித்தியம். அதைத்தான் சார்ஜ் போடணும், எனக்கு நீ போதும்” என்று சிரிப்பார். சாப்பிட்டு முடித்ததும் டிவியைப் பார்த்தபடியே கையை நீட்டுவார். நான் மாத்திரையை வைப்பேன். மூன்று வருடம் அப்படி ஓடியது. நல்ல வருடங்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு பெர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்தது. மெடிக்கலில் தேறினால் போதும். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. ரத்தம் எடுப்பார்களே, அதில் தெரிந்துவிட்டால்? பைத்தியத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு யார் பெர்மனென்ட் போடுவார்கள்?

பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். அவரிடம் அல்சர் மாத்திரை என்று சொல்லி வைத்திருந்தேன். “எதுவா இருந்தா இன்னாம்மா, பத்து நாளு நிறுத்திடு. ரத்தம் சுத்தமாயிடும். எங்க ஊட்டுக்காரரு அப்படித்தான் பாஸ் ஆனாரு” என்றார். நான் சொன்ன பொய்க்கு ஏற்ற யோசனையைத்தான் அவர் சொன்னார்.

மாத்திரை அட்டைகளை எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். அன்று அவர் கையை நீட்டியபோது ஒன்றும் வைக்கவில்லை.

“டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னுதான சொன்னாங்க?” என்றார்.

“டாக்டரம்மாவா உங்களுக்கு பெர்மனென்ட் போடப் போறாங்க?” என்றேன்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் போன் நம்பர் இருந்தது. ஒரு போன் போட்டிருக்கலாம். என்ன பதில் வரும் என்று தெரிந்ததால்தான் போடவில்லை.

மெடிக்கலில் தேறினார். அந்த நாட்களில் அவர் முகமே பளிச்சென்று இருந்தது. மாத்திரை இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறார் என்று எனக்குப் பேராசை வந்தது. பெர்மனென்ட் ஆர்டர் கைக்கு வரட்டும், அதுவரை மாத்திரை வேண்டாம் என்றேன். பத்து நாள் ஒரு மாதமானது. தூக்கம் குறைந்தது. ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பினார். எனக்குத் தெரியாமல் இல்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒரு காலை ஷிப்டில் வரிசையாக எல்லா மெஷினின் எமர்ஜென்சி ஸ்விட்சையும் அழுத்தி நிறுத்திவிட்டு, ஒரு மரப் பெட்டிமேல் ஏறி நின்று, கம்பெனியை இனி எப்படி நடத்துவது என்று எல்லோருக்கும் விளக்கியிருக்கிறார். செக்யூரிட்டிகள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் லைனில் ஆறு வீட்டு வாசலிலும் ஆட்கள். “அல்சர்னு சொன்னியேம்மா” என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

அரிசி டின்னைக் கவிழ்த்து, விட்டுப்போன மாத்திரைகளுக்குச் சேர்த்து மூன்று நாலாகக் கொடுத்துவிடத்தான் போனேன். அட்டையோடு ஆஸ்பத்திரிச் சீட்டும் கண்ணில் படவே, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “ஒண்ணும் குடுக்காதீங்க! சேத்துக் குடுத்தா விஷமாயிடும். கூட்டிட்டு வாங்க” என்று கத்தினார்.

ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆர்டர் வரவில்லை. இனி வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் போனில் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள் அந்த மெடிக்கல் ரிப்போர்ட்டை டாக்டரம்மாவிடம் காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. நான் செய்ததற்கு ஒரு நியாயம் இருந்ததாக யாராவது சொல்லட்டும் என்றுதானோ என்னவோ. அவர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். சர்க்கரை, ரத்த அளவு, கண், காது, சிறுநீர்.

“இதுல லித்தியம் எங்கேம்மா பாத்திருக்காங்க? அதைத் தனியா கேட்டாத்தான் பாப்பாங்க. என்னைக் கேட்டிருந்தா, வேலைக்கு ஃபிட்டுன்னு நானே லெட்டர் குடுத்திருப்பேன்.”

யாரும் தேடாத ஒன்றை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்போது அவர் தொரப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறைக்குப் போகிறார். மாத்திரை தவறுவதில்லை, ரத்தப் பரிசோதனைக்கும் அவரே தனியாகப் போய் வருகிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை, திட்டியிருந்தால் தேவலை. சாப்பிட்டு முடித்ததும் கையை நீட்டுவதில்லை. எழுந்துபோய்த் தன் டூல் பாக்ஸைத் திறந்து, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுபடி பூட்டுகிறார்.

சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருக்கிறார்.