கீச்சானுக்குக் கடல் தண்ணீர்

கீச்சான் என்பது கறுப்பு வரிகள் வளைந்தோடும் சின்ன மீன். வலையில் தானாக வந்து மாட்டும்; விலை போகாது. கையில் பிடித்தால் கீச்சென்று கத்தும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, மீன்காரம்மா எங்கள் சட்டியில் கொட்டிவிட்டுப் போன பொடிமீன்களுக்குள் ஒன்று கத்தியது. என் மனைவி கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். நான் அதை எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து உள்ளே விட்டேன். மாலையில் அலுவலகத்திலிருந்து வந்தபோது பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. எனக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு என் பொறுப்பு. யாரோ பிறந்ததையும் யாரோ போனதையும் பிறர் வந்து சொல்லக் கேட்டு எழுதுகிறவன். இது என் கண்ணெதிரே போன உயிர். உப்பு கூடியதால் போயிற்றா, குறைந்ததால் போயிற்றா என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பது பல்லிடுக்கில் சிக்கிய நார் போல இருந்தது. ஒரு கீச்சானையாவது வீட்டில் பிழைக்க வைப்பது என்று நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

தொட்டிக்கு நான் போனது படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று தாளில் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். கடைக்கார பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன சார் வளக்கப்போறீங்க?"

"கீச்சான்."

"கீச்சானா! அத வலையிலேர்ந்து எடுத்து வீசுறதுக்கே கையில குத்துமே. நீங்க கண்ணாடி வீடு கட்டிக் குடுக்குறீங்களா?"

சிரித்தாலும் வேலையைச் சுத்தமாகச் செய்தார். இரும்புச் சட்டம் வைத்து லப்பம் பூசினால் உப்புத் தண்ணீர் மூன்று மாதத்தில் தின்றுவிடும் என்று, அவருடைய தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்திருந்த சிலிக்கான் பசையால் கண்ணாடியைக் கண்ணாடியோடு ஒட்டினார். கண்ணாடி எல்லாம் கடையில் மிஞ்சிய துண்டுகள். அதனால் ஒரு பக்கம் லேசான பச்சை. காற்று அடிக்கும் சிறிய மோட்டார், தங்கமீன் தொட்டியைக் கலைத்துவிட்ட ஒரு மருத்துவரிடம் பாதி விலைக்குக் கிடைத்தது. தொட்டியின் அடியில் போட, சுண்ணாம்புக் காளவாயில் ஒரு கூடை கிளிஞ்சல் வாங்கி உடைத்துக்கொண்டேன்.

தண்ணீர்தான் பிரச்சினை. கடலில் எந்த இடத்துத் தண்ணீர் கடல் தண்ணீர்? அரசலாறு விழும் இடத்தில் வாயில் வைத்தால் பாதி ஆறு. அளக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பால் சங்கத்தில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்த லாக்டோமீட்டர். கடல் நீரின் கனமும் பாலின் கனமும் அருகருகே வரும் என்று ஒரு பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்தேன். முகத்துவாரத்தில் அது பதினைந்து காட்டியது. அங்கிருந்து தள்ளிப் போய், காரைக்கால்மேட்டில் முழங்கால் ஆழத்தில் நின்று ஒரு செம்பில் மொண்டு மிதக்கவிட்டேன். இருபத்தைந்து.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் கூப்பிட்டார்.

"சார், எத்தினி லிட்டர் கறந்தீங்க?"

"ஒதைக்காம நிக்கிதா பாருங்க சார்," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அவர்தான் அரை மணி நேரம் கழித்து, ஒரு வாளியில் விரல் நீளக் கீச்சான் குஞ்சுகள் மூன்றைப் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "இதுக்குக் காசு வாங்குனேன்னு தெரிஞ்சா ஊர்ல சிரிப்பாங்க சார்."

தொட்டி கூடத்தில், வாசலுக்கு எதிரே உட்கார்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டுவேன். தண்ணீரை முழுதும் இறைத்து, கிளிஞ்சலைக் கொதிக்கும் நீரில் அலசி, கண்ணாடியைத் துணியால் துடைத்து, சைக்கிளில் மூன்று நடையாகக் கொண்டுவந்த புதுக் கடல் தண்ணீரை நிரப்புவேன். இடை நாட்களில் தண்ணீர் வற்றி இறங்கினால், கேனில் எடுத்து வைத்திருந்த கடல் தண்ணீரையே ஊற்றிக் கோடு வரை ஏற்றுவேன். லாக்டோமீட்டர் இருபத்தேழு காட்டும். கருவி சரியில்லை என்று நினைத்தேன்.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குச் சைக்கிள் மிதித்து வந்து, மீனைப் பார்த்துவிட்டு, நின்றபடியே நாலு வாய் போட்டுக்கொண்டு திரும்புவேன். அலுவலகத்தில் மின்விசிறி நின்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். கோட்டுச்சேரியில் மின்சாரம் போனால் எங்கள் தெருவிலும் போயிருக்க வேண்டும் என்பதில்லை. ஆனாலும் அங்கே மோட்டார் நின்று மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது எனக்கு இங்கே தெரியும். ஒரு தடவை இறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒன்றும் எழுதாமலே முத்திரை குத்திவிட்டேன். இருபது வருடத்தில் அதுதான் முதல் பிழை.

மூன்று குஞ்சுகளும் இரண்டாவது புதன்கிழமைக்குள் போய்விட்டன. காரைக்கால்மேட்டுக்காரர் இன்னும் இரண்டு கொடுத்தார். அவை எட்டு நாள் இருந்தன. ஒவ்வொன்றையும் நாளும் நேரமும் போட்டு எழுதினேன். மனைவி பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"பொறப்பு ஒண்ணுகூடக் காணும். எறப்பு மட்டும் பக்கம் பக்கமா எழுதுறீங்க."

"சுத்தம் போதல போலிருக்கு," என்றேன்.

"சுத்தமா? ஒலகத்துலயே சுத்தமா செத்த மீனு நம்ம வீட்டு மீனுதான். இதப் பாருங்க, இன்னொண்ணு கொண்டாங்க, வேணாங்கல. அதுவும் செத்துச்சுன்னா தொட்டியில அரிசியக் கொட்டி வச்சிருவேன். எலி வராது."

அவள் சொன்னால் செய்கிறவள். ஆகவே ஒரே ஒரு கீச்சானைக் கொண்டுவந்தேன், வரிகள் நன்றாக விழுந்த ஒன்று. விட்ட மூன்றாம் நாள் ஆணை வந்தது: பாண்டிச்சேரியில் ஐந்து வாரப் பயிற்சி, மறுநாளே சேர வேண்டும். ஞாயிறன்றும் அரை நாள் வகுப்பு.

புறப்படுமுன் மனைவிக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்தேன். காலையில் இறால் துணுக்கு எத்தனை, கேன் தண்ணீரை எந்தக் கோடு வரை ஊற்றுவது, ஞாயிறன்று கிளிஞ்சலை எத்தனை நிமிடம் கொதிக்க வைப்பது எல்லாம். பாண்டிச்சேரியில் இறங்கியதும் விட்டுப் போனவற்றை அஞ்சலட்டையில் எழுதிப் போட்டேன். மறுநாள் இன்னொன்று. எண் போட்டு எழுதினேன், ஏதாவது தொலைந்தால் அவளுக்குத் தெரிய வேண்டுமே. பதினான்காவது அட்டைக்குப் பிறகுதான் அவளிடமிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. "மீன் இருக்கிறது. ரேஷனில் சர்க்கரை போட்டார்கள்." இந்த முதல் வாக்கியத்தை நான் பத்து விதமாகப் படித்தேன். இருக்கிறது என்றால் எப்படி இருக்கிறது? தண்ணீரின் நிறம் என்ன? வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் என் கால் ஆடுவதால் மேசை ஆடுகிறது என்று இடம் மாறிப் போனார். பொறுக்காமல் சட்டக் கடை பாயின் தொலைபேசிக்கு டிரங்க் கால் போட்டேன்.

"மீனு சுகம் சார்," என்று கத்தினார். "உங்க வீட்டம்மாட்ட நேத்துதான் கேட்டேன். நீங்க சுகமா?"

எனக்காகப் பொய் சொல்லச் சொல்லியிருப்பாளோ என்று அதன் பிறகு நான்கு நாள் நினைத்தேன்.

பயிற்சி முடிந்து வந்த அன்று பேருந்து நிலையத்திலிருந்து நடக்கவில்லை, ஓடினேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் போனேன். தொட்டிக் கண்ணாடி முழுதும் பழுப்பும் பச்சையுமாகப் படிந்திருந்தது. கிளிஞ்சலின் மேல் மெல்லிய பாசி. மனைவி அடுப்படியிலிருந்து வளையல் குலுங்க வந்தாள். அந்தச் சத்தத்துக்குப் பாசிக்குப் பின்னாலிருந்து கீச்சான் சட்டென்று முன்னால் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றது. வயிறு உருண்டிருந்தது. முன்பைவிட அரை விரல் கூடுதல் நீளம்.

"நீ கழுவவே இல்லையா?"

"இல்ல. இடுப்பு வலி. அட்டை எல்லாம் படிச்சேன். படிச்சிட்டு அடுக்கி வச்சிருக்கேன்."

"தண்ணி? கேன் ரெண்டும் அப்படியே இருக்கே. எதை ஊத்துன?"

"கொறையுற அன்னைக்குக் கொடத்துத் தண்ணி ஒரு செம்பு."

"கடல் மீனுக்கு நல்ல தண்ணியா!"

"என்னங்க இது, குழம்பு வத்துனா உப்புக் கூடிப் போவும். அதுல தண்ணிதான் ஊத்துவாங்க. உப்புத் தண்ணியையா ஊத்துவாங்க?"

நான் லாக்டோமீட்டரை எடுத்து மிதக்கவிட்டேன். சரியாக இருபத்தைந்தில் நின்றது. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். தண்ணீர் மட்டுந்தான் ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. இருபது வருடத்தில் ஒரே ஒரு முறை பிசகிய எனக்கு இது தோன்றவில்லை. மீனின் கழிவை உண்டு தண்ணீரைக் காக்கும் நுண்ணுயிர்கள் கிளிஞ்சலில்தான் குடியிருக்கும் என்பதும், ஞாயிறுதோறும் அவற்றை நானே கொதிக்க வைத்துக் கொன்றிருக்கிறேன் என்பதும் வெகு நாள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் ஒன்றும் செய்யாததால் அது பிழைத்திருக்கிறது.

அப்படியும் என் கை வாளியைத் தேடியது. முன்பக்கக் கண்ணாடியையாவது துடைக்கலாம் என்றேன். அவள் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பாக்குறதுன்னா பாருங்க. எழுதுறதுன்னா எழுதுங்க. கைய மட்டும் உள்ள விடாதீங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அது கெடக்குற வரைக்கும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தேன். வேட்டியை மடித்துக் கட்டினேன், அவிழ்த்துவிட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் இருந்திருப்பேன். எழுந்து மோட்டாரின் குழாயைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மறுபடி உட்கார்ந்தேன். கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் குரும்பகரம் வரை போனேன். அங்கே ஒரு டீ குடித்தேன். உடனே திரும்பினேன்.

மீன் இருந்தது.