கவர்மென்ட் செடி

"எட்டு வருஷமா வளர்க்கறேன் சார். எனக்குப் பொழுதுபோக்கே இதுதான்" என்று எங்கள் அதிகாரி சொன்னபோது, அவர் ஆரணிக்கு மாற்றலாகி வந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. வேலூரிலிருந்து வந்திருந்த பெரிய அதிகாரி குனிந்து, வராந்தாவில் ஒரு சாந்துச் சட்டியில் நின்ற காகிதப்பூ மரத்தைப் பார்த்தார். ஒன்றரை முழம்தான் உயரம். ஆனால் அடிமரம் கெண்டைக்கால் பருமன், நூறு வயது மரத்தைப் போல முண்டும் முடிச்சுமாக இருந்தது. கிளைகளில் இலையே தெரியாமல் பூ. அதை உண்மையிலேயே எட்டு வருஷம் வளர்த்தவர் பத்தடி தள்ளிப் பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

தோட்ட வேலைக்காரர் என்பதால் அவரை நாங்கள் மாலி என்று கூப்பிட்டோம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. மாதாமாதம் தினக்கூலிப் பட்டியலில் அதை நானே தட்டச்சு செய்தேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நானும் கூப்பிட்டதில்லை. தேவிகாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. அடுத்தவர் நிலத்திலும் அரசாங்கக் காம்பவுண்டிலும் மண்ணைக் கிளறியே நாற்பது வயதைத் தாண்டியவர்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். சேர்ந்த முதல் மாதமே அப்போதைய அதிகாரியின் ஜீப் கதவில் முள் கீறிவிட்டது. வாசல் கேட்டை ஒட்டி வெள்ளைக்காரன் காலத்திலிருந்து படர்ந்திருந்த காகிதப்பூ புதரின் முள். அன்று மாலையே உத்தரவு தயாரானது. "வாகனப் போக்குவரத்துக்கு இடையூறான செடி வேரோடு அகற்றப்படுகிறது. எஞ்சிய கட்டை உபயோகமற்றது, அப்புறப்படுத்தப்படுகிறது." இந்த வாசகத்தைத் தட்டச்சு செய்தவள் நான். நான்கு பேர் கடப்பாரையும் கோடாலியுமாக வந்து ஒரு பகலில் வேலையை முடித்தார்கள். கட்டையை உடைந்த நாற்காலிகளோடு பின்பக்கம் வீசினார்கள்.

மூன்றாம் நாள் மாலி அந்தக் கட்டையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அடுப்புக்கா என்று கேட்டேன். "இல்லமா, உள்ள உசுரு கீது. விட்டுட்டுப் போவ மனசு வரல" என்றார். பாதியாக வெட்டிய ஒரு பழைய தார் டிரம்மில் ஏரி வண்டலும் செங்கல் தூளும் காய்ந்த சாணமும் கலந்து அதை நட்டார். நாற்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஊழியர்கள் எல்லோரும் கேலி செய்தார்கள், "மாலி வெறகுக்குத் தண்ணி ஊத்திகினு கீறான்" என்று. பிறகு ஒருநாள் கட்டையின் தோளில் அரிசி முனை அளவுக்குச் சிவப்பாக நான்கு துளிர்கள்.

பொட்டலம் கட்டிவந்த ஒரு வாரப் பத்திரிகைத் தாளில், ஜப்பானில் தட்டுகளில் மரம் வளர்ப்பதைப் பற்றிப் படத்தோடு ஒரு குறிப்பு வந்திருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இத ஜப்பான்காரன் சொல்லணுமா? நம்ம ஊரு திருமலை பக்கம் பாறை இடுக்குல போய்ப் பாருங்கமா. ஆடு கடிச்சிக் கடிச்சி, முட்டி ஒசரத்துக்கு மேல போவ முடியாம, மரம் கெழவனாட்டம் நிக்கும். இவன் ஆட்டுக்குப் பதிலா கத்திரி வெச்சிகினு கீறான், அவ்ளோதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றிலிருந்து அவர் ஆடாகிவிட்டார். நுனி நீண்டால் கிள்ளுவார். எரிந்துபோன மோட்டாரிலிருந்து உருவிய செம்புக் கம்பியைக் கிளையில் சுற்றி, மாதத்துக்கு ஒரு விரற்கடை வளைப்பார். கம்பி பட்டையில் பதியும் முன்னே அவிழ்த்துவிடுவார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வேரைக் கழுவி, தடித்த வேரை வெட்டி, மெல்லிய வேரை விட்டு, முன்னைவிடத் தாழ்ந்த பாத்திரத்துக்கு மாற்றுவார். கடைசியாக வந்து சேர்ந்ததுதான் கொத்தனார் தூக்கிப் போட்ட சாந்துச் சட்டி. அதன் அடியில் ஐந்து ஓட்டை போட்டு, வெளியே செங்காவி பூசினார்.

இதெல்லாம் கூலிக்குச் செய்ததல்ல. கூலி புல் வெட்டுவதற்கும் அதிகாரி வீட்டு வாழைக்குப் பாத்தி கட்டுவதற்கும்தான். இந்த எட்டு வருஷமும் அவர் தன் சாப்பாட்டு நேரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. அந்தக் காலம் முழுக்க எந்த அதிகாரியும் பின்பக்கம் வந்து எட்டிப் பார்க்கவில்லை. குப்பையாக இருந்தவரை அது மாலியுடையது. பூத்ததும் வராந்தாவுக்கு வந்தது, அரசாங்கத்துடையது ஆகிவிட்டது.

ஆரணிக்கு வரும் பெரியவர்களைப் பட்டுப்புடவை கொடுத்து அனுப்புவது எங்கள் அலுவலகத்தில் பழகிப்போன விஷயம். வேலூர்க்காரர் வீட்டில் அது அடுக்கடுக்காக இருந்திருக்கும். வேறு எவனும் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் அதிகாரிக்குத் தோன்றியிருக்கிறது. "ஏய், ஜல்தி தூக்கி ஜீப்புல வை" என்றார்.

மாலி பூவாளியைக் கீழே வைத்தார். "ஐயா, அது என்னுதுங்க" என்றார். குரல் உயரவில்லை.

"உன்னுதா? கவர்மென்ட் காம்பவுண்டு, கவர்மென்ட் செடி, கவர்மென்ட் தண்ணி. நீ யாருய்யா நடுவுல?"

பெரியவர் சிரித்தார். மாலி செடியை ஜீப்பில் தூக்கி வைத்து, சட்டி சாயாமல் இருக்க நாலு பக்கமும் தன் துண்டைச் சுருட்டி அண்டைகொடுத்தார். நான் எழுந்து வெளியே போய், "சார், இது அவருடையது" என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை. நான் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரிமேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு பங்கை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மாலி தன் காசில் பஸ் ஏறி வேலூர் போனார். திங்கட்கிழமை காலை என்னிடம்தான் முதலில் சொன்னார். "கூடத்துல முக்காலி மேல வெச்சிகிறாங்கமா. வெயிலு இல்ல. தெனம் ரெண்டு வேள தண்ணி. எல பழுத்து உதிருது." அந்த வீட்டு அம்மா நல்லவர் போலிருக்கிறது, அவரை உள்ளே விட்டார், செடியை வெயிலில் வைக்கச் சம்மதித்தார். மாலி மூன்று ஞாயிறு போனார். ஒவ்வொரு முறையும் செடி திரும்பக் கூடத்துக்கே வந்திருந்தது. நான்காம் முறை கேட்டிலேயே நிறுத்தினார்கள். தோட்டக்காரன் ஒருவன் வந்து பேஜார் பண்ணுகிறான் என்று ஆரணிக்குத் தொலைபேசி வந்தது. மறுநாள், "இனிமே வராதே" என்று அனுப்பிவிட்டார்கள். தினக்கூலிக்கு நோட்டீஸ் எதற்கு?

அப்போதுதான் எனக்கு ரோஷம் வந்தது. எவ்வளவு தாமதம்! பழைய கோப்புகளைக் கிளறி, என் கையால் அடித்த அந்த முதல் உத்தரவை எடுத்தேன். உபயோகமற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எறிந்துவிட்ட பொருள் எப்படி அரசாங்கச் சொத்தாகும்? மாலியின் பெயரில், முதல் தடவையாக அவருடைய முழுப் பெயரில், ஒரு மனுவை அடித்தேன். செடியையும் வேலையையும் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். உத்தரவின் நகலை இணைத்தேன். அவர் கட்டைவிரல் ரேகை வைத்தார். அந்த மனு சுற்றி வளைந்து கடைசியில் போய்ச் சேர்ந்தது வேலூர்ப் பெரியவரின் மேஜைக்கே. கோப்பை எடுத்துக் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. வெம்பாக்கம் பக்கம் என்னை மாற்றி உத்தரவு வந்தது.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பதிலும் வந்தது. "மனுவில் குறிப்பிடப்பட்ட செடி தற்போது இல்லாத காரணத்தால், மனு முடித்து வைக்கப்படுகிறது." வேலையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கொன்றுவிட்டு, கொன்றதையே காரணமாகக் காட்டி மூடிவிட்டார்கள். முப்பது வருஷம் எத்தனையோ அநியாயமான கடிதங்களை அடித்திருக்கிறேன். இதைப்போல வெட்கமில்லாத ஒன்றைப் பார்த்ததில்லை. இப்போது நர்சரிகளில் இதே காகிதப்பூவைப் பீங்கான் தட்டில் வைத்து விற்கிறார்கள். அதிகாரிகள் வீட்டு வரவேற்பறைகளிலும் பார்க்கிறேன். யாருடைய எத்தனை சாப்பாட்டு இடைவேளை அது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்தப் பதிலை மனுதாரரிடம் சேர்த்து, பெற்றுக்கொண்டேன் என்று ரேகை வாங்கி வரவேண்டும். நானே வாங்கி வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு தேவிகாபுரம் போனேன். மாலி ஒருவருடைய கரும்புத் தோட்டத்தில் தோகை உரித்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்று வாசித்துக் காட்டினேன். செடி இல்லை என்ற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "இன்னொரு வாட்டி படிங்கமா" என்றார். படித்தேன்.

மைப்பெட்டியைத் திறந்து நீட்டினேன். அவர் கையை வேட்டியில் துடைத்தார். விரலை நீட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"வெக்க மாட்டேன்மா. நான் வாங்கிக்கினேன்னு வெச்சா, அவங்க சொன்னது ஞாயம்னு ஆயிடும். நீங்க இத எட்த்துகினு போங்க" என்றார். என் மேல் கோபமில்லை என்று காட்டுவதற்காகவோ என்னவோ, ஒரு கரும்பை ஒடித்துக் கையில் கொடுத்தார்.

மறுநாள், ஆரணி அலுவலகத்தில் என் கடைசி நாள், இயந்திரத்தில் தாளைச் செருகி, "மனுதாரர் இப்பதிலை ஏற்க மறுத்துவிட்டார்" என்று அடித்தேன். தலைமை எழுத்தர் வந்து பார்த்துவிட்டு, ஏம்மா வம்பு, வீடு பூட்டியிருந்தது என்று மாற்றி அடித்துவிடேன் என்றார். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் எதிரிலேயே அந்தத் தாளைக் கோப்பில் கோத்து முடிச்சுப் போட்டேன்.