ஐஸ் போடாத புழு

ரிப்பன் புழுக்களை ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் என் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். இது குடலில் வளர்வதில்லை, கடற்பாறை இடுக்கில் வாழ்வது என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

இதன் விசேஷம் தும்பிக்கை. குடலுக்கு மேலே தனி உறையில் சுருட்டி வைத்திருக்கும். இரையைக் கண்டால், சட்டைக் கையை உள்ளிருந்து புரட்டி எடுப்பதுபோல வெளியே வீசும். அதில் ஊசி உண்டா இல்லையா என்பதுதான் வகைப்பாட்டில் முதல் கேள்வி. தலையிலுள்ள கண்புள்ளிகளின் வரிசை பிறகு வரும்.

குளச்சலில் கணவர் விற்பதற்கு மீன் எடுக்கப் போகும்போது நானும் போவேன். ஒருநாள் சிப்பிக் கொத்துக்குள் தவிட்டு நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒன்று கிடைத்தது. ஆய்வேட்டில் ஒரு வகைக்காக நான் காலியாக விட்டிருந்த இடத்துக்கு அது போதும். எனக்குக் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது. கடல்தண்ணீர் வாளியோடு அவரிடம் கொடுத்து, தக்கலை வீட்டில் வைக்கச் சொன்னேன்.

மாலையில் மூடியைத் திறந்தால் உள்ளே ஐஸ் உருகிக் கிடக்கிறது. நல்ல தண்ணீர் கலந்தால் இந்தப் புழு தாங்காது. தும்பிக்கையைக் கக்கிவிட்டுத் துண்டு துண்டாக உடைந்திருந்தது.

“ஐஸ் எதுக்குப் போட்டிய?”

“கடல்ல இருந்து வந்ததுக்கு ஐஸ் போடாம இருப்பாவளா? வெயிலுல கெட்டுப் போவும்லா?”

எனக்கு வந்த கோபத்தில் வாளியைப் பிடுங்கிக்கொண்டு என் மேசைக்குப் போனேன். கக்கிய தும்பிக்கையை நுண்ணோக்கியில் வைத்தேன். நடுவில் கண்ணாடித் துண்டாக ஓர் ஊசி. பக்கத்துப் பைகளில் மாற்று ஊசிகள். ஊசியுள்ள கூட்டம் என்பது உறுதி. தலைதான் கரைந்து போயிருந்தது. கண்புள்ளி பார்க்காமல் பெயர் எழுத முடியாது. அழுகையே வந்துவிட்டது.

அடுத்த வாரம், சிப்பி எடுக்க முங்குகிறவர்களிடம் அவரே சொல்லி வைத்து இன்னொன்று வாங்கினார். பைக்கில் வந்தால் தண்ணீர் அலம்பும் என்று, வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

“ஐஸ் போடல்ல கேட்டியா. உயிரோடதான் இருக்கு.”

மெக்னீசிய உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். புழு உடையாமல் மெல்ல மயங்கியது. தலையின் இருபுறமும் கண்புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. சந்தோஷத்தோடு அவற்றை எண்ணி நோட்டில் வரைந்துகொண்டேன். ஆல்கஹால் குப்பியை எடுத்தேன்.

“அதுல போட்டா?”

“செத்துரும். பிறவுதான் அறுத்துப் பாக்க முடியும்.”

“இத்தன பாடுபட்டு உயிரோட கொண்டாந்தது இதுக்குத்தானா?”

தினமும் செத்த மீனை வெட்டி விற்கிற மனிதர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். புழுவைக் குப்பிக்குள் விட்டேன். ராத்திரிக்குள் பெயர் கிடைத்தது. அதை ஆய்வேட்டில் எழுதிவிட்டு, காலி வாளியை அவர் கண்ணில் படாமல் கழுவி வைத்தேன்.