அக்காவின் தம்ளர்

அக்கா கீழப்பழுவூரில் பிறந்தார். அவருக்கு அடுத்துப் பிறந்த தங்கை நான். பெரம்பலூருக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா, மாமா மறைந்த பிறகு பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து மகளைப் படிக்க வைத்தார். சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் அடுப்படியில் முதல் ஆளாக நின்றவர் அவர்தான். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரு நாள் கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "அத எடுடி... அந்த... அதான்டி" என்றார். பேர் வரவில்லை. பிறகு வலது கை விழத் தொடங்கியது. டவுன் டாக்டர் ஒருவர் ஸ்கேன் படத்தைப் பார்த்ததுமே, "மூளையில டிபி கட்டி" என்று முடித்துவிட்டார். டிபி மாத்திரையோடு, வீக்கம் வற்ற ஸ்டீராய்டு ஊசியும் போட்டார். அக்கா எழுந்து நடந்தார். அடுத்த ஸ்கேனில் கட்டியையே காணோம்! "பாத்தீங்களா, நான் சொன்னது சரியாப் போச்சா?" என்று சிரித்தார் டாக்டர்.

டிபி என்ற சொல் சொந்தம் முழுக்கப் பரவியது. அக்கா வீட்டுக்கு வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். பெரிய அண்ணி தன் வீட்டில் ஒரு தம்ளரின் அடியில் ஆணியால் கோடு கிழித்து அக்காவிடம் நீட்டினார். "புள்ளைங்க இருக்குற வூடு, தப்பா நெனச்சுக்காத. போகும்போது இத நீயே எடுத்துட்டுப் போயிடு." அக்கா அதை முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். யாரோ பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சொல்ல, வேலையும் போனது. யாரென்று எனக்குத் தெரியும். இந்த மலர் அவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஊசியை நிறுத்தியதும் தலைவலி, வாந்தி எல்லாம் திரும்பி வந்தன. சென்னைக்குக் கொண்டுபோனோம். அங்கே மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். மூளையிலேயே தொடங்கும் லிம்போமாவாம், அரிதான புற்றுநோய். ஸ்டீராய்டு பட்டால் கொஞ்ச நாள் கரைந்து மறைந்து ஆளை ஏமாற்றுமாம்.

"படத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும்மா. சதை எடுத்துப் பாக்காம டிபின்னு எப்படி முடிவு பண்ணாங்க?" என்றார் அந்த டாக்டர்.

"தொத்துமா சார்? தம்ளரக்கூட தனியா வச்சுட்டாங்க."

"கட்டிப்பிடிச்சாலும் தொத்தாது. மூளையில டிபியே இருந்தாலும் தம்ளர்ல தொத்தாதும்மா."

பெரம்பலூர் திரும்பியதும் டவுன் டாக்டரிடம் நேரே போனேன். கூட்டம் நிறைந்திருந்தது. "அது டிபி இல்ல சார், கேன்சர். நீங்க ஊசி போட்டு மறைச்சீங்க" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். அவர் ஃபேனைப் பார்த்தார். என் வயிற்றெரிச்சல் அதில் அடங்கவில்லை.

மருந்து ஏற்றியும் காலம் கடந்திருந்தது. கடைசி நாட்களில் அக்காவுக்குப் பேச்சு திக்கித் திக்கித்தான் வந்தது. "எனக்கு டிபி இல்லன்னு... எல்லார்ட்டயும்... சொல்லிடுடி" என்றார். அக்கா, அச்சடித்தே சொல்லிவிட்டேன்.

அக்கா குடித்து மீதி வைத்த டீயைக் கூசாமல் குடித்த பக்கத்து வீட்டு பாயம்மாவுக்கும், சென்னை டாக்டருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து சாப்பிட்ட சொந்தங்களுக்கும் நன்றி. பந்தி முடிந்த பிறகுதான் இந்த மலரைக் கொடுக்கச் சொன்னேன். இன்று தண்ணீர் வைத்த தம்ளர்களில் அடியில் கோடு கிழித்த அந்தத் தம்ளரும் ஒன்று. யார் குடித்தீர்களோ, பயப்படாதீர்கள். தொத்தாது.