பூச்சிக்கு விட்ட நாலு தென்னை

மருதாசலம் கடைசியாக மகளோடு சேர்ந்து செய்த வேலை, ஒரு மாத்திரையை இரண்டாக வெட்டியது. பாக்குவெட்டியை அவர் பிடித்தார். மாத்திரை தெறித்து ஓடாமல் பொற்கொடி விரலால் அணை கொடுத்தாள். பாதியைக் கதலிப்பழத்துக்குள் செருகி நாயிடம் நீட்டினார்கள். பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்புகிற கெட்டிக்காரி பூச்சி. அதனால் அதன் தொண்டை அசையும் வரை அவர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு பொற்கொடி கோவைக்கு வேலைக்குக் கிளம்பினாள். அந்த வாரமே அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பூச்சி, பல்லடத்துக்குப் பக்கத்தில் அவருடைய தோப்பில் தானாக வந்து ஒட்டிக்கொண்ட நாட்டு நாய். மனைவி இறந்தபின் அவருக்கு வீட்டில் பேச்சுத்துணை அதுதான். ஒரு நாள் அது கீழே விழுந்து, கால்கள் வெட்டி வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளியது. துண்டில் சுற்றி மொபெட்டில் வைத்து டாக்டரிடம் ஓடினார். அவருக்குத் தெரிந்த ஒரே டாக்டர், கோழிப்பண்ணைகளுக்கு வந்துபோகிறவர்.

“ஏனுங்க, நான் ஆயிரக்கணக்குலதான் வைத்தியம் பாப்பேன். ஒத்தைக்குப் பாத்துப் பழக்கமில்லீங்க” என்று சிரித்தாராம் அவர். ஆனாலும் திருப்பி அனுப்பவில்லை. வலிப்பு என்று சொல்லி, தன்னோடு படித்த ஃபர்சானா அவிநாசியில் நாய் பூனைகளுக்கு மருத்துவமனை வைத்திருக்கிறார் என்று அவரே போன் போட்டுக் கொடுத்தார்.

ஃபர்சானா ஒளிக்காமல் சொன்னார். வலிப்பு முழுதாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம். ஆயுசுக்கும் மாத்திரை. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

தெருநாய்க்கு இவ்வளவு செலவா என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பம்புகள் வடிவமைக்கும் கம்பெனியில் இன்ஜினியரான பொற்கொடி, நாய்களுக்கான காப்பீட்டைத் தேடிப் பார்த்தாள். ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்குப் பணம் தரமாட்டார்களாம். தன் சம்பளத்தில் தருவதாகச் சொன்னாள்.

“உனக்கே நாளைக்கு ஆயிரஞ் செலவு வரும் கண்ணு. தோப்பைத் தேடித்தானே வந்துச்சு, தோப்பே பாத்துக்கட்டும்” என்று மறுத்துவிட்டார் மருதாசலம்.

அந்தப் பக்கத்தில் குலதெய்வத்துக்கென்று மரம் விடுவார்கள். அதன் காய்ப் பணத்தை வீட்டுச் செலவுக்குத் தொடமாட்டார்கள். அதேபோல் கிணற்றோரத்துத் தென்னைகளைப் பூச்சிக்கு விட்டார். மருந்து, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் போட்டுப் பார்த்த பொற்கொடி, மூன்று மரம் போதும் என்றாள். காய் விலை விழுந்தாலோ, காய்ப்பைக் கெடுக்கும் வெள்ளை ஈ வந்தாலோ என்ன செய்வது என்று கேட்டு, அவர் நாலாவதையும் சேர்த்தார்.

காய் எடுக்கும் கோபாலசாமிக்கு அது நல்ல தீனியாகிவிட்டது. “ஏனுங் மாமா, நாய்க்கு மரம், எனக்கு ஒரு மட்டையாச்சும் எழுதி வைக்கப்படாதுங்களா?” என்பான். ஆனால் அந்த நாலு மரத்துக் காயை ஒருநாளும் மற்றதோடு கலந்ததில்லை.

அப்பாவை எடுத்த அன்று வீடு நிறையக் கூட்டம். சாயங்காலம் பொற்கொடிக்குத் திடீரென்று மாத்திரை நினைவு வந்தது. கொல்லைப்புறம் ஓடினாள். பூச்சியை மடியில் சாய்த்து, கோபாலசாமி அதன் தாடையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“காலைல ஒருதரம் குடுத்துட்டேனுங் அக்கா. இது பொழுதோட குடுக்கற ரெண்டாவதுங்க.”

அன்று முழுக்க அவளுக்கு வராத அழுகை அங்கே வந்தது. காரியம் முடியும்வரை அவன்தான் தவறாமல் வந்து கொடுத்தான். கூலி பற்றிப் பேச்செடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதன்பின் ஒரு காலையில் அப்பாவின் போன் அடித்தது. ஃபர்சானா. அவருக்குச் செய்தி தெரியாது. பொற்கொடி சொன்னாள்.

“சொன்னா வந்துருவாருங்க. வரலையேன்னுதான் கூப்பிட்டேன்” என்றார் ஃபர்சானா. மாத்திரை ஈரலைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும், போன வாரமே அப்பா பூச்சியைக் கூட்டி வருவதாக இருந்தாராம். நாளைக்கே கூட்டி வருவதாகப் பொற்கொடி சொன்னாள்; செலவுக்கு அந்த நாலு மரத்துக் காய்ப் பணம் இருந்தது.