சங்கீதக் கதிரையில் நான் செய்த மரியாதை

சென்ற ஆண்டு பண்டத்தரிப்பில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வைத்த முதியோர் விளையாட்டுப் போட்டியில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எனக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. கந்தோர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின், கொக்குவிலில் வீடும் தொலைக்காட்சி நாடகமுமாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா முதியோர் சங்கத்தில் இருப்பவர். என்னைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டு வந்து, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஒன்றைச் சொல்லவேண்டும். வாழ்நாளில் நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. படிக்கிற காலத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் எனக்குச் சர்பத் கரைக்கிற வேலைதான் தருவார்கள். மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டு வந்து குடிப்பார்கள், நான் அகப்பையோடு நிற்பேன். அதனாலோ என்னவோ, அன்று மைதானத்தில் வெள்ளைக் கோடுகளைக் கண்டதும் எனக்கு ஆசை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு முதற்பரிசாவது வாங்காமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவெடுத்தேன்.

கயிறிழுத்தலில் எங்கள் பக்கம் மண்ணைக் கவ்வியது. தேங்காய் துருவுவதில் எனக்கு நாலாவது இடம். மிஞ்சியது சங்கீதக் கதிரை ஒன்றுதான், பாட்டு நிற்கும்போது இருக்கக் கதிரை கிடைக்காதவர் வெளியே போகிற ஆட்டம். பரிசு, மேசையில் வைத்திருந்த சிவப்பு நிறச் சுடுதண்ணிப் போத்தல்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன். பாட்டுத் தொடங்கியது, சுற்றினோம். பாட்டு நிற்க நிற்க, ஒவ்வொருவராகச் சிரித்தபடி வெளியே போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் முழுக்கக் கதிரையில்தான்.

கடைசியில் ஒரு கதிரை, இரண்டு பேர். நானும் எண்பத்தொரு வயது அம்மா ஒருவரும். தலை பஞ்சாக நரைத்திருந்தது. காலில் மட்டும் புத்தம் புது வெள்ளைச் சப்பாத்து. மகன் கனடாவில் இருந்து அனுப்பியதாம்.

பாட்டு நின்றது. பாய்ந்து விழுந்து கதிரையில் இருந்துவிட்டேன். முதற்பரிசு! வாழ்நாளின் முதலாவது முதற்பரிசு! சனம் கைதட்டியது. தலையை நிமிர்த்தினால், அந்த அம்மா எனக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார்.

என்னை அறியாமலே எழும்பிவிட்டேன். வயதானவர் நிற்க நாம் இருப்பதா? சின்ன வயதில் இருந்தே அடித்து வளர்த்த பழக்கம், அந்த நேரம் பார்த்து வேலை செய்துவிட்டது.

"இருங்கோ அம்மா" என்று கதிரையை வேறு காட்டினேன்.

மைதானமே சிரித்தது. பக்கத்து வீட்டு அக்கா கோட்டுக்கு அங்கால் நின்று தலையில் கைவைத்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"ஏன் பிள்ளை எழும்பினனீர்? நான் உம்மட்டை இருக்க இடம் கேட்டனானே? ஒரு மாசமா விடியக்காலமை முற்றத்திலை கதிரையைப் போட்டுச் சுத்திப் பழகிப்போட்டு வந்து நிக்கிறன்."

அவர் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த மத்தியஸ்தர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பாட்டைத் திருப்பிப் போடும். உவ இனி எழும்பமாட்டா."

மத்தியஸ்தர் என்னைப் பார்த்தார். கையில் கிடைத்த வெற்றி போகிறதே என்று இருந்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தபின் மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலையாட்டினேன்.

மறுபடியும் பாட்டு. இந்த முறை அவர் வயதையும் மறந்தேன், என் வயதையும் மறந்தேன். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுற்றினேன். பாட்டு நின்ற அந்தக் கணம் இருவரும் ஒன்றாகப் பாய்ந்தோம். பக்கவாட்டில் இடுப்பால் ஒரு இடி விழுந்தது பாருங்கள், நான் புற்றரையில் குந்திக்கொண்டிருந்தேன். கதிரையில் வெள்ளைச் சப்பாத்துக் கால்களை ஆட்டியபடி அந்த அம்மா!

தோற்றதற்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது நான்தான். அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் அறிந்ததில்லை. அவர் கையை நீட்டி என்னைத் தூக்கிவிட்டார்.

"ஓம், இப்பதான் சரி. நோகேல்லையே?" என்று கேட்டார்.

இரண்டாம் பரிசாகக் கிடைத்த பிளாஸ்ரிக் வாளி இன்றும் என் கிணற்றடியில் இருக்கிறது. ஆனால் நான் வீட்டோடு இருப்பதில்லை. கிழமையில் இரண்டு நாள் சங்கத்துக்குப் போகிறேன், ஓடுகிறேன், மற்ற நாட்களில் முற்றத்தில் கதிரையைப் போட்டுச் சுற்றுகிறேன். இந்த ஆண்டுப் போட்டிக்கு அந்த அம்மாவும் பெயர் கொடுத்துவிட்டாராம். பஸ்ஸில் அவரைக் கண்டால் எழும்பி இடம் கொடுப்பேன். மைதானத்தில் அவர் எனக்கு முன்னால் நின்றால், கதிரையை விட்டு அசையாமல் இருப்பதுதான் நான் அவருக்குச் செய்யும் மரியாதை.